பிரிக்காத ரத்தப் பை

மார்ச் 3, திங்கள்
அடுத்த திங்கட்கிழமை அறுவைக்கு ஒரு பெண் குழந்தை. ஐந்து வாரம், நான்கு கிலோகூட இல்லை. உடம்பில் மொத்த ரத்தமே முந்நூற்று முப்பது மில்லி. இதயத்தை நிறுத்தி வைக்கும் நேரத்தில் அதன் வேலையைச் செய்கிற என் மிஷினின் குழாய்களை நிரப்பவே முந்நூற்றைம்பது வேண்டும்! அவ்வளவையும் வெறும் சலைன் உப்புநீரால் நிரப்பினால் குழந்தையின் ரத்தம் பாதிக்கு மேல் நீர்த்துவிடும்; அதனால்தான் எப்போதும் யாரோ கொடுத்த ரத்தத்தை ஊற்றி நிரப்புவேன்.

இந்தக் குழந்தைக்குப் பிறந்தவுடன் ஒருமுறை ரத்தம் ஏற்றி, நுரையீரல் வீங்கி, பிழைத்ததே பெரிய விஷயமாகிவிட்டது. "இன்னொரு தடவை ஏத்தினா தாங்குமான்னு தெரியல. இல்லாம முடியுமா?" என்றார் சர்ஜன்.

முடியுமா?

மார்ச் 5
குழாய் ஏன் இவ்வளவு நீளம்? யாரைக் கேட்டாலும் "எப்பவும் அப்படித்தான்". வீட்டில் இஞ்ச் டேப்போடு தரையில் உட்கார்ந்து அளந்தேன். "நான் தையல்காரியைக் கட்டலையே," என்றார் வீட்டுக்காரர். மிஷினை ஆபரேஷன் மேஜையை ஒட்டி நகர்த்தினால், குட்டி வடிகட்டியும் போட்டால், நூற்றுப்பத்து மில்லி போதும். வெறும் சலைனிலேயே நிரப்பிவிடலாம்.

மார்ச் 7
தண்ணீர் விட்டு ஒத்திகை. "உன் மிஷின் என் மடியில உக்காருதும்மா!" என்று சர்ஜன் கத்தினார். "நீங்க கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க சார்." ஒதுங்கினார்!

மார்ச் 10
நடந்துவிட்டது. ரத்தப் பை தயாராக ஐஸ் பெட்டியில் இருந்தது. ஹீமோகுளோபின் ஒரு கட்டத்தில் எட்டுக்கு இறங்கியபோது அந்தப் பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். கடைசியில் குழாயில் மிச்சமிருந்த ரத்தத்தையெல்லாம் குழந்தைக்கே திருப்பினேன். ஹீமோகுளோபின் பத்துக்கு ஏறியது. பையைப் பிரிக்கவே இல்லை.

மார்ச் 11
8.6. ரத்தக்கசிவு இல்லை. அப்புறம் எங்கே போகிறது?

மார்ச் 12
காலையில் 7.4. ஏழுக்குக் கீழே போனால் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றார் சர்ஜன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஐ.சி.யூ.வில் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் வருகிறாள். குழந்தைக்குப் போட்ட ஊசிக்குழாயிலிருந்து முதலில் இரண்டு மில்லி ரத்தம் உறிஞ்சிக் கொட்டுகிறாள். அடுத்த இரண்டு மில்லி பரிசோதனைக்கு.

"ஏம்மா கொட்டுற?"

"மொதல்ல வர்றதுல குழாய்ல இருக்கற சலைன் கலந்திருக்கும்க்கா."

ஒரு நாளைக்கு நாற்பத்தெட்டு மில்லி. குழந்தையின் ரத்தத்தில் ஏழில் ஒரு பங்கு! "ரெண்டு மணிக்கு ஒருக்கா எடுக்கச் சொன்ன மகராசன் யாரு?" என்று எகிறினேன்.

அவள் உத்தரவுச் சீட்டை நீட்டினாள். என் கையெழுத்து. திங்கட்கிழமை சந்தோஷத்தில், எப்படி ஏறுகிறது இறங்குகிறது என்று பார்க்கும் ஆசையில், நானே எழுதிக் கொடுத்து சர்ஜனிடம் கையெழுத்தும் வாங்கினது. சே! தியேட்டரில் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்துவிட்டு, வாசலுக்கு இந்தப் பக்கம் வந்து நானே குடித்திருக்கிறேன்.

சர்ஜனிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை; அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. இனி நாளுக்கு இரண்டே தடவை, அரை மில்லி. முதலில் வருவதைக் கொட்டாமல் சுத்தமாகக் குழந்தைக்கே திருப்பிவிட வேண்டும்.

மார்ச் 13
7.2. சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 15
7.5. ஏறுகிறது!

குழந்தையின் அம்மா, பஸ் கண்டக்டர், கேட்டாள்: "முன்ன மாதிரி அடிக்கடி ரத்தம் எடுக்க வரலையேக்கா, ஏன்?" மழுப்பியிருக்கலாம். உள்ளதைச் சொன்னேன். குழந்தையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, "இனிமே எடுக்கறப்பல்லாம் எதுக்குன்னு என்கிட்டயும் சொல்லிடுங்க," என்றாள். சரி என்றேன்.

மார்ச் 21
வீட்டுக்குப் போகிறாள். யார் ரத்தமும் ஏறவில்லை. நன்றாகப் பால் குடிக்கிறாள், உதடு சிவந்திருக்கிறது, அழுகை வராந்தா வரை கேட்கிறது. "கடைசியா ஒரு தடவை ஹீமோகுளோபின் பார்த்துடலாமா? அவசியமில்ல, உன் கணக்குக்கு," என்றார் சர்ஜன். கண்டக்டர் என்னைப் பார்த்தாள்.

எட்டு இருக்குமா, ஒன்பதா? தெரிந்துகொள்ள மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"வேண்டாம் சார்," என்றேன்.