இரண்டு பேருக்கான மேஜை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, இந்தத் தும்மலைத் தவிர. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, அடுப்புல வேலை இருக்கு, வைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கப்பல் கம்பெனி விலாசத்துக்குக் கடிதம் எழுதுகிறேன். இதிலாவது நான் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லிவிடலாம் பாருங்கள்.

கடையில் வேலை எப்போதும் போலத்தான். வருகிறவர்களின் மூக்கில் கண்ணாடியை மாட்டுவதும், காதுக்குப் பின்னால் கம்பியை வளைப்பதும், "எனக்கு வயசான மாதிரி தெரியுதா?" என்று கேட்பவர்களிடம் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்வதுமாகப் பொழுது போகிறது. போன வாரம் முதலாளியிடம் நீண்ட விடுப்பு கேட்டேன். "எங்கேம்மா பயணம்?" என்றார். கப்பலில் போய்த் தீவு தீவாகச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று சொன்னார்.

கையில் கத்தி இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். நான் ஏறப்போவது உங்கள் கப்பலில்தான்.

பயண ஏற்பாட்டு அலுவலகத்துப் பெண் தங்கமான பெண். நாலு தீவு என்றாள். ஒன்றில் மணல் மாவு மாதிரி இருக்குமாம், இன்னொன்றில் பறவைகளைத் தவிர யாரும் கிடையாதாம். அறைக்கு வெளியே கடலைப் பார்த்து உட்கார ஒரு பால்கனி. தலையணையில் மட்டும் ஐந்து வகை, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். அடக் கடவுளே, தலையணைக்குக்கூடவா என்று வாய் விட்டே கேட்டுவிட்டேன். கல்லு மாதிரி இருப்பதாக ஒன்று கொடு என்றேன். உங்களுக்கு அதுதானே பிடிக்கும்.

பணம் நீங்கள் அனுப்பியதுதான். மாடி கட்டச் சொல்லி அனுப்பினீர்கள். இருக்கிற அறைகளிலேயே சாயங்காலமானால் விளக்கைப் போடுவதும் காலையில் அணைப்பதும் தவிர எனக்கு வேலை இல்லை. இதில் மாடி எதற்கு, இன்னும் இரண்டு விளக்கு போடவா?

நீங்கள் கோபப்படுவீர்கள், தெரியும். படுங்கள். எனக்கும் கோபம் இருக்கிறது. மூன்றாவது தடவையாக ஒப்பந்தத்தை நீட்டிவிட்டேன் என்று, ஏதோ தலைமுடி வெட்டிக்கொண்டேன் என்கிற மாதிரி சொன்னீர்களே, அன்றைக்கு நான் கடைக்குப் போகவில்லை. அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்?

போன தடவை வீட்டுக்கு வந்தபோது நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். கட்டில் ஆடவில்லை, தூக்கம் வரவில்லை என்று ஹாலில் போய்ப் படுத்தீர்கள். விடிவதற்குள் எழுந்து ஒரு அண்டா நிறையச் சமைத்து வைத்தீர்கள். தெருவெல்லாம் கொடுத்தும் தீரவில்லை. ரெண்டு பேருக்குச் சமைக்கக் கை வர மாட்டேன் என்கிறது என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் நீங்கள் என்னோடு உட்கார்ந்து ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை. எனக்குப் பரிமாறிவிட்டு, அடுப்படியில் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டீர்கள். உட்காருங்கள் என்றால், "பழகிப்போச்சு" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையைத்தான் அன்றிலிருந்து மென்றுகொண்டிருக்கிறேன்.

நம் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். அப்பா வேலை செய்யற இடத்துல போய் நீ விருந்தாளியா உட்கார்ந்தா அவருக்கு எப்படி இருக்கும், ஆழம் தெரியாம காலை விடாதேம்மா என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உங்களுக்குக் கூச்சமாக இருக்குமோ என்று நானும் யோசிக்காமல் இல்லை. சமையல்காரர்கள் விருந்தாளிகள் பக்கம் வரக்கூடாது, பேசக்கூடாது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். நான் உங்களைத் தேடிக் கதவுக்குக் கதவு அலைய மாட்டேன். நீங்கள் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, கடலைப் பார்த்துக்கொண்டு, ஒழுங்காக இருப்பேன். உப்பு கூடினால் மட்டும் சொல்லி அனுப்புவேன்.

ஆனால் கடைசி நாள் சாப்பாட்டைப் பற்றி ஒரு தடவை சொன்னீர்களே, அது எனக்கு மறக்கவில்லை. விளக்கைக் குறைத்துவிட்டு, வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரர்கள் எல்லாரும் வரிசையாகக் கூடத்துக்குள் வருவார்கள், விருந்தாளிகள் கை தட்டுவார்கள், போட்டோவுக்காகச் சிலரைத் தங்கள் மேஜையிலேயே உட்கார வைப்பார்கள், அதற்கு மட்டும் யாரும் தடை சொல்வதில்லை என்று. நீங்கள் எப்போதும் கடைசியில், குனிந்த தலை நிமிராமல் நடந்து போய்விடுவதாகச் சொன்னீர்கள். நிமிர்ந்தால் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பது கண்ணில் படும் என்றீர்கள்.

இந்தத் தடவை நிமிர்ந்து பாருங்கள்.

நான் தனி ஆள் என்றதும் அந்தப் பயண அலுவலகத்துப் பெண் தயங்கினாள். ஒருத்தராகப் போனாலும் அறைக்கு இரண்டு பேருக்கான கட்டணம் கொடுக்க வேண்டுமாம். "கட்டில் ரெண்டு பேருக்குங்க மேடம், ஒரு பக்கம் காலியா இருந்தாலும் கணக்கு அதுதான்" என்றாள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது, யாரும் காசு கேட்பதில்லை என்றேன். பாவம், அவளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சாப்பாட்டு மேஜையும் அப்படியே, இரண்டு பேருக்கானதுதான்.

மாதக் கடைசி வரைக்கும் பயணத்தை ரத்து செய்யலாமாம். நான் வருவது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் எழுதிவிடுங்கள், வரவில்லை. ஆனால் போனில் சொல்லாதீர்கள். வராதே என்பதையாவது உங்கள் கையால் எழுதுங்கள்.

ஒன்றும் எழுதவில்லை என்றால் கிளம்பிவிடுவேன். உங்களுக்குப் புதுக் கண்ணாடி ஒன்று செய்து வைத்திருக்கிறேன். கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவில் உள்ள அளவு எனக்கு மனப்பாடம், பவரை மட்டும் வயசை வைத்து உத்தேசமாகக் கூட்டியிருக்கிறேன். எத்தனை வெள்ளைத் தொப்பி வரிசையில் வந்தாலும் என் ஆளை எனக்குத் தெரியும். கூப்பிடுவேன்.

எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் கவனமாக இருங்கள். முழங்காலுக்குத் தைலம் தடவுங்கள். கடல் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

என் எதிர் நாற்காலிக்கு நாம் பணம் கட்டியாகிவிட்டது. போட்டோ எடுக்கிற நேரமாவது அதில் உட்கார்ந்து, என்னோடு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கண்ணாடிக்காரி