தங்கெட் டப்பாக்கள்

குண்டியாவா மலைச்சரிவு,
மழை பிடித்துக்கொண்ட வாரம்

அன்பு மகன் வேமினுக்கு,

இங்கே நான், உன் அம்மா, உன் மனைவி மூவரும் நலம், பன்றிகளும் நலம், சமையலறைக் கூரை மட்டும் ஒழுகுகிறது. அந்தக் குளிர் ஊரில் ஆப்பிள் மரங்களுக்கு நடுவில் நீயும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று உன் அம்மா ஞாயிறுதோறும் கோயிலில் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். பின்னால் உட்கார்ந்தால் கடவுளுக்குக் கேட்காது என்று நினைப்பு. இடி விழுந்து செல்போன் கோபுரம் படுத்துவிட்டது, அதனால்தான் கடிதம். உங்கள் தோட்டத்துக்கு அடுத்த கூட்டத்தில் வேலைக்கு வருகிற காண்டேயின் கையில் கொடுத்தனுப்புகிறேன், அவன் விமானத்தில் தூங்கி எழுந்து இதை இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்காமல் இருக்க வேண்டும்.

கோபுரம் படுப்பதற்கு முன்னால் நீ இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். ஒன்று, கடையில் வாங்கி அறைக்குள் சட்டியில் வைத்திருக்கிற சிவப்பு இலைத் தங்கெட் செடி நுனியெல்லாம் காய்கிறது, என்ன செய்யலாம் என்று. இன்னொன்று, உன் மனைவியால் தோட்ட எல்லையில் தகராறாமே, பெரிதாகும் போலிருந்தால் அவளைக் கடற்கரையில் லே நகரத்துக்குத் தாய் வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள், அப்பா பார்த்து முடிவு செய்யட்டும் என்று. செடியைப் பற்றி நாலைந்து படம் பிடித்து அனுப்பியிருந்தாய், மனைவியைப் பற்றி ஒரே ஒரு வரி. போகட்டும், இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன். மருமகள் பெயரை நான் வாயால் சொல்லக் கூடாது என்பது முறை, கையால் எழுதினாலும் அதே தப்புதான் என்று உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்கிறாள், அதனால் இந்தக் கடிதம் முழுக்க அவள் உன் மனைவிதான்.

முதலில் செடி. தங்கெட்டைக் கடையில் வைத்து விற்கிறார்கள், அதையும் ஒருத்தன் காசு கொடுத்து வாங்குகிறான், அவன் என் மகன் என்று கேட்டதும் எனக்கு வந்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது. இங்கே வேலிக்கு ஊன்றிய கழி துளிர்க்கிறது, அங்கே ராஜா மாதிரி சட்டியில் உட்கார்த்தி வைத்தும் காய்கிறது. ஆனால் உன் மனைவி சிரிக்கவில்லை. உன் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள், அப்புறம் சொல்லச் சொல்ல என்னை எழுதிக்கொள்ளச் சொன்னாள். குழாய்த் தண்ணீர் ஊற்றாதே, அதில் கலக்கிற மருந்து தங்கெட்டுக்கு ஆகாது, அதுதான் நுனியில் போய்த் தங்கி எரிக்கிறது, மழைத் தண்ணீர் பிடித்து ஊற்று. விரலை மண்ணில் விட்டுப் பார், மேல் மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று, அடித்தட்டில் தண்ணீர் தேங்கி நிற்க விட்டால் கிழங்கு அழுகிவிடும். சூடேற்றுகிற இயந்திரம் பக்கத்தில் வைத்திருக்கிறாய், படத்தில் தெரிகிறது, அந்த வறட்டுக் காற்று முகத்தில் அடிக்கிற இடத்தில் நீ படுப்பாயா. ராத்திரி குளிருகிற கண்ணாடிக்கு ஒட்டியும் வேண்டாம், ஆனால் வெளிச்சம் வேண்டும், வெளிச்சம் குறைந்தால் சிவப்பு போய்ப் பச்சை ஆகிவிடும், அது நோய் இல்லை, கோபம். இலையை ஈரத் துணியால் மேலும் கீழும் துடை, அடிப்பக்கம் மெல்லிசாக நூலாம்படை மாதிரி தெரிந்தால் கண்ணுக்குத் தெரியாத பூச்சி, குளியலறைக்குத் தூக்கிப் போய் நன்றாக அலசு. இவ்வளவையும் மூச்சு விடாமல் சொன்னாள், வேமின். லே சந்தையில் அவள் அம்மா சட்டிச் செடி விற்கிறவள் என்று தெரியும், ஆனால் இவள் பேசுகிறபோது பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பேசுகிற மாதிரி இருந்தது.

இப்போது தகராறு. நம் காபித் தோட்டத்துக்கும் போமாயின் சர்க்கரைவள்ளிக் கிழங்குத் தோட்டத்துக்கும் நடுவில் வரிசையாக நின்ற கிழட்டுத் தங்கெட்டுகள் உனக்கு நினைவிருக்கும், கால் எல்லாம் மொட்டை, உச்சியில் மட்டும் ஒரு கொண்டை இலை. அது செடி இல்லை, எல்லை. அதில் கத்தி வைப்பதும் எல்லையில் கத்தி வைப்பதும் ஒன்றுதான் என்று இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். லே நகரத்தில் அதை வாசலுக்கு அழகு என்று வைக்கிறார்கள், இளைத்துப் போனால் அறுத்துப் புதுசாக்குவார்கள். உன் மனைவி அதைத்தான் செய்தாள். நானும் அம்மாவும் சாவு வீட்டுக்குப் போயிருந்த நாளில் எல்லா மரத்தையும் தரையோடு அறுத்து, கொண்டையைத் தனியாகவும் தண்டைச் சாண் சாணாகவும் நறுக்கி, மீன் டப்பா, பெயிண்ட் டப்பா, மாட்டிறைச்சி டப்பா என்று கிடைத்ததில் எல்லாம் மண் போட்டு நட்டு, வீட்டுச் சுவர் ஓரம் அடுக்கிவிட்டாள். திரும்பி வந்த எங்களிடம் சிரித்துக்கொண்டு காட்டினாள், நமக்கு நல்லது செய்ததாக நினைப்பு. உன் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் போமாய் தன் மகன்களோடு வந்தான், கையில் கத்தி. அவன் வாய் உனக்குத் தெரியும். "என்னய்யா சியூனே, உன் மருமக எல்லையைப் புடுங்கி மீன் டப்பாவுல வெச்சிருக்காளாம். நாளைக்கு என் கிழங்குத் தோட்டத்தையும் சட்டியில நட்டு ஜன்னல்ல வெப்பாளா?" என்றான். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள், ஆனால் அவன் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயம். பெரிய பன்றி ஒன்று தர வேண்டும், இந்தப் பெண்ணை ஊரைவிட்டு அனுப்ப வேண்டும், அப்போதுதான் கத்தி கீழே இறங்கும் என்றான். நம் பங்காளிகளும் ஒருத்தர் பாக்கி இல்லாமல் அதையே சொன்னார்கள், பன்றி போனால் வளர்த்துக்கொள்ளலாம், சண்டை வந்தால் உயிர் போகும், கடற்கரைக்காரிக்கு நம் மண் புரியாது, அனுப்பிவிடு என்று. உன் அம்மா பன்றியைக் கொடுக்கவும் மாட்டேன், பெண்ணை அனுப்பவும் மாட்டேன் என்று அழுதாள். உன் மனைவி மட்டும் ஒரே வார்த்தை சொன்னாள், "வேர் அங்கயே இருக்கு மாமா. கொஞ்சம் பொறுங்க, அதுவே வந்து சொல்லும்." நான் நம்பவில்லை, யாரும் நம்பவில்லை, ஆனால் வேறு வழி தெரியாததால் அடுத்த அமாவாசை கழிந்து பேசிக்கொள்ளலாம் என்று போமாயிடம் தவணை வாங்கினேன். உனக்குச் செய்தி போனது அந்த நாட்களில்தான், உன் ஒரு வரி வந்ததும் அந்த நாட்களில்தான். அதை அவளும் படித்தாள். போய் டப்பாக்களுக்குத் தண்ணீர் தெளித்தாள்.

அந்த டப்பாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டுப்போன கழி மாதிரி கிடந்த தண்டுத் துண்டிலிருந்து பக்கத்துக்குப் பக்கம் முளை வந்தது, கிளி மூக்கு மாதிரி. ஒவ்வொன்றாக விரிய விரிய நானும் காபி குடிக்கிற சாக்கில் அங்கேயே போய் உட்கார ஆரம்பித்தேன். ஒன்று பன்றி ஈரல் நிறம், ஒன்று சிவப்பில் ரோஜா விளிம்பு, ஒன்று பச்சையில் யாரோ சிவப்புக் கையைத் துடைத்த மாதிரி. எல்லாம் நம் எல்லையில் பிறந்ததிலிருந்து நான் பார்த்த மரம்தான், அதில் இத்தனை அழகு இருந்தது எனக்குத் தெரியாது. எந்த டப்பாவுக்கு அடியில் எத்தனை ஓட்டை, எதை மழையில் வைப்பது, எதைச் சாரலுக்கு ஒதுக்குவது என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. பயத்தில் இருந்த பெண், தூங்காத முகம், ஆனால் ஒரு டப்பாவுக்குக்கூட அந்தப் பயத்தைக் காட்டவில்லை. மனசுக்குள் அவளை மெச்சிக்கொண்டேன், வெளியே சொல்லவில்லை.

தவணை நாள் வந்தது. இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் போமாய் ஆட்கள், பஞ்சாயத்து செய்ய மேல் ஊர்ப் பெரியவர். அவளை வீட்டுக்குள் இருக்கச் சொல்லியிருந்தேன். யாரும் வாய் திறப்பதற்கு முன்னால் கையில் ஒரு கட்டு குச்சியோடு நடந்து வந்து, கத்தி வைத்திருந்தவர்களுக்கு நடுவில் மண்டியிட்டு, கிழங்குக் கொடியையும் சருகையும் கையால் விலக்கினாள். அறுத்த அன்றைக்கே வெயில் படாமல் அடிக்கட்டைகளைச் சருகால் மூடி வைத்திருக்கிறாள், நாங்கள் யாரும் அதைக் குனிந்து பார்க்கவில்லை. மண்ணைச் சுரண்டினால் உள்ளே கை தடிமனில் கிழங்கு நேராகக் கீழே இறங்குகிறது, அதன் தலையில் சிவப்பாக ஒரு முளை. "தலையைத்தான் எடுத்தேன். எல்லை இங்கயே இருக்கு, பாருங்க" என்றாள், பக்கத்தில் ஒரு குச்சி நட்டாள். அடுத்ததைச் சுரண்டினாள், அங்கேயும் முளை, அங்கேயும் குச்சி. போமாயின் மகன் ஒருத்தன் கத்தியை மண்ணில் குத்திவிட்டுக் குனிந்து பார்த்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, பன்றியும் பிழைத்தது, பெண்ணும் பிழைத்தாள்.

ஆனால் குச்சிகள் போகிற போக்கைப் பார்த்ததும் நம் காபி வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். அந்த மரங்கள் வெயிலைத் தேடிப் பல காலமாகப் பள்ளத்துப் பக்கம், போமாய் பக்கம் சாய்ந்து வளர்ந்தவை. கொண்டை எங்கே நிற்கிறதோ அதுதான் எல்லை என்று நானும் கண்டேன், என் அப்பாவும் கண்டார், அந்தக் கணக்கில்தான் கடைசி வரிசைக் காபியை நட்டோம். எல்லையாக ஊன்றிய தங்கெட்டின் கிழங்கோ நம் பக்கம் உள்ளே தள்ளி இருக்கிறது. அதாவது அந்தக் காபி வரிசை போமாய் மண். இன்னும் பாதி மரம் பாக்கி, போமாய்க்கு இன்னும் பிடிபடவில்லை, சுரண்டுவதை நிறுத்தினால் யாரும் கேட்கப் போவதில்லை. நான் இருமினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், காபி வரிசையைப் பார்த்தாள், நல்லாவே புரிந்துகொண்டாள், அடுத்த குச்சியை நட்டாள். இன்னும் பலமாக இருமினேன். வரிசை முடிகிற வரை நட்டுவிட்டுத்தான் எழுந்தாள், போமாயிடமே, "இந்தக் காபி உங்க பக்கம் வருது சித்தப்பா" என்றாள்.

போமாய் வாயில் இருந்த பாக்கைத் துப்பிவிட்டு வரிசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். அப்புறம் என்னிடம் வந்து, "சியூனே, என் மகனுங்களும் பொண்டாட்டி கூட்டிட்டு வந்தானுங்க. ஒருத்தியாவது இப்படி அமைஞ்சாளா பாரு" என்றான். பன்றிப் பேச்சை அவனே விட்டுவிட்டான். காபியை நட்டவர்கள் இந்த வருஷம் பறித்துக்கொள்ளட்டும், அடுத்த வருஷம் முதல் எனக்கு என்றான். போகிறபோது முளைக்காத ஒரு இடத்தைக் காட்டி, அங்கே நட நல்ல சிவப்பாக ஒரு டப்பா கேட்டு வாங்கிப் போனான், அவனே நட்டான். வீட்டுக்கு வந்து, நான் இருமினது கேட்கவில்லையா என்று அவளிடம் கேட்டேன். "கேட்டுச்சு மாமா, இருமல் ஜாஸ்தியா இருக்கேன்னு இஞ்சி தட்டி வெச்சிருக்கேன்" என்று ஒரு குவளையை நீட்டினாள், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. காபி போன வயிற்றெரிச்சலோடு அதைக் குடித்தேன். உன் அம்மா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

அதற்கப்புறம் ஒரு நாள் உன் அம்மா அவளிடம் கேட்டிருக்கிறாள், இத்தனை மழை பெய்கிற ஊரில், இத்தனை நல்ல மண்ணில், எல்லாவற்றையும் ஏன் டப்பாவிலேயே வளர்க்கிறாய் என்று. "அனுப்பி வெச்சீங்கன்னா தூக்கிட்டுப் போக லேசா இருக்கணுமே அத்தே" என்றாளாம். உன் அம்மா அதை என்னிடம் சொன்னாள். வந்த நாளிலிருந்து இந்த வீட்டு மண்ணில் அவள் ஒரு செடிகூட ஊன்றவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் காலையில் தோண்டுகழியை எடுத்து வாசலிலிருந்து பாதை வரைக்கும் வரிசையாகக் குழி போட்டேன். அவள் கதவருகே நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் வந்து ஒவ்வொரு டப்பாவாகத் தட்டிக் கவிழ்த்து, வேரைப் பிரித்து, குழியில் இறக்கி மண்ணை மிதித்தாள், அழுதுகொண்டேதான் செய்தாள், நான் பார்க்காத மாதிரி குழி தோண்டிக்கொண்டே இருந்தேன். நீ என்னிடம் விட்ட முடிவு இதுதான், வேமின். அவள் இங்கேதான் இருப்பாள். யாராவது போயே ஆக வேண்டுமென்றால் நான் போகிறேன், என் செடி எதுவும் டப்பாவில் இல்லை, ஆனாலும் போகிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள், கம்பளிச் சட்டையை மழையில் நனைக்காதே, கூட வேலை செய்கிறவர்களோடு குடித்துவிட்டுச் சண்டை போடாதே. உன் செடி இலை எல்லாம் கொட்டிப்போனாலும் சட்டியைத் தூக்கி எறிந்துவிடாதே என்று உன் மனைவி மறக்காமல் எழுதச் சொன்னாள், கிழங்கு உள்ளே உயிரோடு இருக்கும், ஒரு மூலையில் வைத்துப் பொறுத்திருந்தால் வரும். நீ தொட்டது துளிர்க்கட்டும், போன கால் நல்லபடியாக வீடு திரும்பட்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம்.

இன்னும் ஒன்று. எல்லா டப்பாவும் காலியாகவில்லை. ஒன்றை மட்டும் அவள் ஊன்றாமல் படிக்கட்டில் வைத்திருக்கிறாள், ரோஜா விளிம்பு போட்டது. அதற்கும் குழி தோண்டப் போனேன், தடுத்துவிட்டாள். அந்தக் குழியை நீ வந்துதான் தோண்ட வேண்டுமாம்.

உன் அப்பா
சியூனே