தம்பியின் கிட்டார் பெட்டி

ஞாயிறு, நகாசி.

ஆக்லாந்துக்குப் போன தம்பி விட்டுப்போன கிட்டார் ஆம்ப்ளிஃபயரைத்தான் கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கராக மாட்டியிருக்கிறேன். சின்னப் பெட்டி, தொண்டை மட்டும் பெரிது.

இன்று கோயில் கமிட்டி என் வீட்டில் கூடியது. குடிக்க யாங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கலக்கி வைத்திருந்தேன். தலைவர் வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தார்: பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததும் நாட்டைவிட்டு ஓடினவனெல்லாம் எலியாம். தம்பி போனபோது கமிட்டியிலிருந்து அவன் பேரை அடித்த மகானுபாவர் இவர்தான்.

நடுவில் தம்பியே கம்ப்யூட்டரில் கூப்பிட்டான். எடுத்தேன். சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன்.

"அண்ணா, உங்க தலைவருக்கு விசா வந்துடுச்சாமே! எங்க தெருவிலேயே வீடு பார்க்கச் சொல்றார்!"

வீடே அதிர்ந்தது.

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை என்று எழுத ஆசைதான். அந்த மனுஷனுக்கு வெட்கம் ஏது? முறைப்படி கையை ஒரு தட்டுத் தட்டி, யாங்கோனா சிரட்டையை வாங்கி, ஒரே மூச்சில் குடித்தார். குடித்து முடித்தவருக்கு எல்லோரும் மூன்று முறை கை தட்டுவது வழக்கம். மற்ற நாலு பேரும் கையை மடியைவிட்டு எடுக்கவில்லை.

நான் ஒருத்தன் தட்டினேன். மூன்று முறை, கணீரென்று.

தூ, என் கையெல்லாம் ஒரு கை.