ஜெபத்துக்கு எழுந்து நின்றவள்

இல்லை அம்மா, ஞாயிறு ஆராதனையை நான் விட்டுவிடவில்லை. எந்தச் சபைக்குப் போவது என்றுதான் தெரியாமல் இருந்தேன். உங்கள் மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? நான் நலம்.

நம் லூயிஸ் தீவில் நாம் யாரும் சபையைத் தேர்ந்தெடுப்பதில்லை, பிறந்த சபையிலேயே இருந்துவிடுகிறோம். நான் வேலைக்கு வந்த இந்தப் பிரிஸ்டலில் என் தெருவிலேயே மூன்று பெயர்ப் பலகைகள்: மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், சீர்திருத்த சபை. மூன்றாவது பெயர் நம்முடையதுபோல் இருந்ததால் அங்கே நுழைந்தேன்.

போதகர் ஜெபத்துக்கு அழைத்ததும் வழக்கம்போல் எழுந்தேன். நின்றது நான் ஒருத்திதான். பக்கத்திலிருந்த ஹாப்டே என்ற அம்மா என் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

“என்னம்மா, அதுக்குள்ள கிளம்பிட்டியா? இன்னும் பிரசங்கமே ஆரம்பிக்கல.”

“இல்லீங்க, எங்க ஊர்ல பாட்டுக்கு உக்காருவோம், ஜெபத்துக்கு எந்திரிப்போம்.”

“அப்ப இங்க பாட்டுக்குத்தான் நிக்கணும், கால் வலிக்கப் பாடு. அடுத்த வாரம் வருவேல்ல?”

அந்த வாரம் முழுவதும், வேலை விஷயம் தவிர, என்னிடம் கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான்.

பிரசங்கத்தின்போது நீங்கள் என் கையில் வைக்கும் பெப்பர்மிண்ட் ஒரு பொட்டலம் அனுப்புங்கள். இங்கும் கிடைக்கிறது. ஆனாலும் அனுப்புங்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் டோலினா

பி.கு.: இந்தக் கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. நேற்று ஞாயிறு, மறுபடி போனேன். ஜெபத்தின்போது எல்லோரோடும் உட்கார்ந்திருந்தேன். பிறகு அறைக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், நின்றபடி ஒருமுறை ஜெபித்தேன்.