வலைக்கு மேலே வராத பந்து

உன் மனைவி இன்று காலை கடைக்கு வந்து ஒரு படத்தைத் தந்துவிட்டுப் போனார். படத்தில் நீ வலைக்குப் பக்கத்தில் இரண்டு கைகளையும் உயர்த்திப் பந்தை எடுத்துக் கொடுக்கிறாய். நான் அடிப்பதற்கு ஓடி வருகிறேன்.

"அண்ணை, நினைவு மலர் அடிக்கிறம். நாலு வரி எழுதித் தாங்கோ. நீங்கள்தானே அவரின்ரை உயிர்ச் சினேகிதன்" என்றார்.

ஓம் என்று தலையாட்டிவிட்டேன். அந்த நாலு வரி வரமாட்டேன் என்கிறது. வருவது இதுதான். இதை மலரில் போட முடியாது.

செத்தவனைப் பற்றிக் குறை சொல்லக்கூடாதாம். சொல்லாமல் இருந்து நான் கண்டது ஒன்றுமில்லை. மாரடைப்பு வந்து நீ போனபோது உன் பிள்ளைகளுக்காகத்தான் செத்தவீட்டுக்கு வந்தேன். பெட்டிக்குக் கிட்ட வரவில்லை.

ஒரே ஒழுங்கையில் பிறந்து, ஒரே கோயில் வீதியில் கரப்பந்து பழகியவர்கள் நாங்கள். சம்பளத்துக்கு விளையாடும் லீக் வந்தபோது இரண்டு பேரையும் ஒரே அணி எடுத்தது. நீ தலைவன். அணியின் முதலாளி வெளிநாட்டில் ஒரு கிறிஸ்தவ சபை நடத்துகிறவர், போட்டிகளுக்கு வந்துவிடுவார். கொஞ்ச நாளில் நீ ஞானஸ்நானம் எடுத்தாய். எடு, அது உன் பாடு. உனக்கு அதில் உண்மையாகவே ஆறுதல் கிடைத்திருக்கலாம். ஆனால் போட்டிக்கு முன் எல்லாரும் கைகோத்து ஜெபம் செய்ய வேண்டும் என்று எந்த ஒப்பந்தத்தில் இருந்தது? நான் திருநீற்றோடு தள்ளி இருந்து சப்பாத்துக் கயிறு கட்டினேன்.

"நெத்தியிலை கிடக்கிற சாம்பலைத் துடைச்சுப்போட்டு வந்து நில்லடா" என்றாய். "வாய் திறக்கத் தேவையில்லை."

"நான் கும்பிடுறது உனக்கு என்ன இடைஞ்சல்?"

"எனக்கில்லை. முதலாளி பாத்துக்கொண்டு நிக்கிறார்."

அன்றிலிருந்து எனக்குப் பந்து வரவில்லை. ஓடி வந்து, எழும்பி, கையை ஓங்கினால் பந்து மற்றப் பக்கம் போயிருக்கும். பார்க்கிறவனுக்கு அது ஆட்டத் தந்திரம். யாரைப் பார்த்துக் கொடுப்பது என்பது எடுத்துக் கொடுப்பவனின் இஷ்டம், அதை எந்த நடுவரும் கேட்கமாட்டார். நாலு போட்டி வெறுங்காற்றை அடித்தேன். பயிற்சியாளர் புள்ளித்தாளைப் பார்த்துவிட்டு, "உன்ரை பேருக்கு நேரை ஒண்டும் இல்லையே தம்பி. இப்பிடியெண்டால் அடுத்த வருசம் உன்னை வைச்சிருக்கேலாது" என்றார்.

உன்னிடம் வந்து கேட்டேன். நீ சிரித்தாய். "ஒருக்கா வந்து வட்டத்திலை நில். பந்து தானா வரும்."

நின்றேன். இதை என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. தண்ணீர்க் குழாயடியில் நெற்றியைக் கழுவிவிட்டு வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைய போட்டியில் முதலாவது பந்தே எனக்கு வந்தது, அதுவும் எனக்கு எந்த உயரம் பிடிக்குமோ சரியாக அந்த உயரத்தில். அடித்தேன், புள்ளி. முதுகில் தட்டி, "பாத்தியா, கர்த்தர் தந்தார்" என்றாய். தந்தது கர்த்தர் இல்லையடா, நீ. மறித்தவனும் நீதான். உன் வேலையை ஏன் அவர் தலையில் கட்டினாய்?

அடுத்த போட்டிக்குத் திருநீறு பூசிக்கொண்டு போனேன். பந்து வரவில்லை. வருட முடிவில் என்னை நிறுத்தினார்கள். பதினைந்து வருடமாக அச்சுவேலியில் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். நீ நாலைந்து தரம் வந்து ஆணி வாங்கினாய், மழையைப் பற்றிக் கதைத்தாய். பிழை விட்டுவிட்டேன் என்று மட்டும் வாயில் வரவில்லை. அதற்காக உன்னில் எனக்கு இன்னும் கோபம், நீ செத்தும் அது குறையவில்லை.

படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் இன்னொருவன் கண்ணில் பட்டான். ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, கழுத்தில் சிலுவையோடு நிற்கிறான். கொழும்புத்துறை அன்ரன். அப்படியென்றால் இது நான் நினைத்ததுபோல லீக் படமில்லை. அதற்கு முந்திய வருடம், எங்கள் ஊர்க் கழகம் ஒரு பருவத்துக்குக் காசு கொடுத்துக் கூப்பிட்டிருந்த ஆட்டக்காரன் அவன். போட்டிக்கு முன் எல்லாரும் கோயிலுக்குள் போய்த் திருநீறு வாங்கினோம். அவன் செருப்போடு வீதியில் நின்று சிலுவை போட்டுக்கொண்டான். என்னைவிட நன்றாக அடிப்பான்.

"உந்த வேதக்காரனுக்குக் குடுக்காதை" என்று அன்று உன் காதுக்குள் சொன்னவன் நான். நீ சிரித்தாய். கொடுக்கவில்லை. எல்லாப் பந்தும் எனக்கு வந்தது, எனக்கு அது இனித்தது. அடிக்கத் தெரியாதவன் என்று சொல்லிக் கழகம் அவனைப் பருவம் முடியமுன்னே அனுப்பிவிட்டது.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் அவனை அடிக்கடி காண்கிறேன். "சுகமோ அண்ணை?" என்பான். ஓம் என்றுவிட்டு பஸ் வருகிறதா என்று பார்ப்பேன். உன்னிடம் இத்தனை வருடம் எதிர்பார்த்த அந்த ஒரு வார்த்தையை நானும் இன்னும் அவனுக்குச் சொல்லவில்லை.