மூன்று பாவாடையிலும் ஒரே இடத்தில் கறை

அக்கா,

காலையில் பீரோவைத் திறந்தபோது நீ கடைசியாகத் தைத்துக் கொடுத்த பாவாடை கையில் பட்டது. இன்னும் கட்டாதது. கஞ்சி வாசனையோடு உன் மெஷின் எண்ணெய் வாசனையும் வந்தது. மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாவது வரை படித்த கை, எழுத்து முன்னே பின்னே இருக்கும். நெஞ்சுவலி வந்து நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போதாவது எழுதிவிட வேண்டும்.

பட்டாபிராம் ஸ்டேஷனுக்குப் பின்னால் உன் தையல் கடை. சில வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் நாடா மாற்ற மூன்று பழைய பாவாடைகளைக் கொடுத்துவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டு நின்றேன். நீ ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாய். மெஷினை நிறுத்தினாய்.

"இன்னாடி இது? மூணுத்துலயும் ஒரே எடத்துல கறை?"

"நாடா அறுத்துச்சுக்கா. எந்தப் பொம்பளைக்கு இல்ல?"

"எத்தினி நாளா கீது?"

"மார்கழியிலருந்து."

"இப்ப ஆடி. ஏழு மாசமா ஆறாத புண்ண வெச்சிகினு எங்கிட்ட கத பேசினுகீறியா?"

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு முடிச்சை அவிழ்க்கச் சொன்னாய். கூச்சத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாற்று நட்ட நாளிலிருந்து, பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் கூட்டிப் பெருக்கிய காலம் வரை, குனிந்து நிமிரும்போது புடவை நழுவக் கூடாதென்று நாடாவை இழுத்து இறுக்கியே எனக்குப் பழக்கம். இடுப்பைச் சுற்றிக் கருப்பாக வளையம் விழுந்திருக்கும். அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த இடத்தில் புண் வந்தபோது மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவி, துணி வைத்து, அதன்மேலேயே நாடாவைக் கட்டினேன். டாக்டரிடம் போகாதவள் இல்லை நான். முட்டிவலிக்குப் போனேன், சர்க்கரைக்குப் போனேன். நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டினேன். இடுப்பை மட்டும் யாருக்கும் காட்டவில்லை. என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

நீ குனிந்து பார்த்தாய். ஓரம் தடித்து, நடுவில் குழிந்திருந்தது. "காலைல எட்டு மணி வண்டிக்கு ரெடியா இரு" என்றாய். மெஷினில் பாதி தைத்த துணியை அப்படியே விட்டுவிட்டு நீ கடையைப் பூட்டியபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளே இருந்தது சின்ன வயசு டாக்டர். ஆம்பளை. நான் திரும்பி நடந்தேன். நீ கையைப் பிடித்து இழுத்தாய். "அவுரு புண்ணப் பாக்கத்தான் குந்திகீறாரு. உன் அழகப் பாக்க இல்ல, வா." வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடுதான் உள்ளே போனேன்.

துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். தோலில் வரும் புற்றுநோய் என்று வந்தது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "ஆரம்பத்துலயே வந்துட்டீங்கம்மா. வேற எங்கயும் பரவல. வெட்டி எடுத்துடலாம். இன்னும் விட்டிருந்தா கஷ்டம். யாரு கண்டுபிடிச்சது?"

"பாவாட கண்டுபுடிச்சுது சார்" என்றாய் நீ.

ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்த அன்று, நர்ஸ் தடுத்தும் கேட்காமல் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாய். "எட்டுத் தையல். நெருக்கமாத்தான் போட்டுகீறாரு. பரவால்ல, தொழில் தெரிஞ்சவரு."

அதற்குப் பிறகு உன் கடையில் மெல்லிய நாடாவே கிடையாது. நாலு விரல் அகலத்துக்குப் பட்டை வைத்துத்தான் தைத்தாய். ரிப்பேருக்கு வந்த பாவாடையை எல்லாம் உள்பக்கம் திருப்பிப் பார்த்தாய். "இது டெய்லர் கடையா, ஆஸ்பத்திரியா?" என்று கிண்டல் செய்தார்கள். நீ ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "ரெண்டுலயும் தையல்தாண்டி" என்றாய். அந்தப் பதிலை நான் இந்தத் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறேன். எங்கள் அக்கா சொன்னது என்று சொல்லும்போது எனக்குத் தலை தானாக நிமிரும்.

இப்போது அந்த வேலை என்னிடம் வந்துவிட்டது. மருமகளைக் குளித்தவுடன் உடம்பைப் பார்த்துக்கொள்ளப் பழக்கிவிட்டேன். ஆறாத புண்ணோ, பெரிதாகும் மச்சமோ, நிறம் மாறும் தழும்போ இருந்தால் உடனே காட்டிவிட வேண்டும். போன மாதம் நம் தெரு மீன்காரி இடுப்பைச் சொறிந்துகொண்டே கூடையை இறக்கினாள். நான் விடவில்லை. என் தழும்பை அவளுக்குக் காட்டினேன். யாருக்கும் காட்டாத இடுப்பை, நடுப்பகலில், வாசல் கதவுக்குப் பின்னால் நின்று காட்டினேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனேன்.

வெறும் நாடா உரசல், தளர்த்திக் கட்டினால் போதும் என்றுவிட்டார் டாக்டர். வெளியே வந்தவள் கத்தினாள். "ஒரு நாள் யாவாரம் போச்சு ஆயா! ஒண்ணியும் இல்லயாம்!"

"ஒண்ணியும் இல்லன்னு காட்டாம எப்படிடி தெரியும்?" என்றேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒரு வசவுகூட உறைக்கவில்லை.

நேற்று அவள் குரல் மூன்று வீடு தள்ளிக் கேட்டது. வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா வெக்கம்? புண்ணு எத்தினி நாளா கீது, அத்த சொல்லு மொதல்ல."