ஏர்கோன் அணைந்த அறையில் உன் செடிகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஈப்போ சிலிபினில் ஒரு கல்யாண விருந்து. சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள், அபூர்வமாக அலமாரியை விட்டு வெளியே வரும் பட்டுப் புடவை ஒன்றைக் கட்டியிருந்தார். அந்துருண்டை வாசம். பிரியாணிச் சட்டி திறந்திருந்தது, சுற்றிலும் மல்லிகைப்பூ, ஆனாலும் அந்த வாசம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. பின்னால் நின்றவர் "நகருங்கக்கா" என்று சொல்லும்வரை வெறும் தட்டோடு நின்றிருக்கிறேன். உன் அறை ஞாபகம் வந்துவிட்டது.

அந்த அறைக்கு நான் முதன்முதலில் வந்தது உன்னைப் பார்க்க அல்ல. நம் பல்கலைக்கழகத்தில் என் இயற்பியல் பிரிவின் ஏர்கோன் கெட்டுப்போயிருந்தது. அறிவியல் கட்டடத்திலேயே குளிர்ச்சியான இடம் செடிகள் வைத்திருக்கும் அறைதான் என்று யாரோ சொன்னார்கள். கதவைத் திறந்தேன். நீ தலையைத் தூக்காமலே, "உள்ள வந்து கதவச் சாத்துங்க, குளிரு வெளிய போவுது" என்றாய். நான் தமிழ் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, "பூ வாசம் வந்துச்சுலா" என்றாய். நம் நட்பு என்று மற்றவர்கள் சொல்வது அங்கே ஆரம்பித்தது.

சுவரோரம் முழுக்க, பூச்சிக்கு அந்துருண்டை போட்டு வைத்த இரும்பு அலமாரிகள். உள்ளே, உலர்த்தி, தாளில் வைத்துத் தைத்த செடிகள். பேராக் மாநிலத்தின் சுண்ணாம்புக் குன்றுகளில் பல காலமாகப் பலர் சேகரித்தவை. நீ பிறந்தது கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தொழிலாளர் லயத்துக்குப் பின்னாலேயே ஒரு குன்று இருந்ததாம். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைத் தோட்டமாகி, பிறகு வீடமைப்புப் பகுதியானது. குன்று கல்லுடைப்புக்குப் போனது. ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாய். ரோமம் படர்ந்த சின்ன இலைகள், வாடிப்போன ஊதாப் பூ ஒன்று.

"இது அந்தக் குன்றுல மட்டும்தான் இருந்துச்சு. குன்ற ஒடச்சி ரோட்டுக்குப் போட்டுட்டாங்க. இப்ப இதுக்கு இந்தத் தாள விட்டா வேற வீடு இல்ல."

நான் நிரந்தர வேலையில் இருந்தேன். நீ டாக்டர் பட்டம் வாங்கியும் ஒப்பந்த விரிவுரையாளர். அதைப் பற்றி யாராவது பரிதாபப்பட்டால், "என்னைய வருசா வருசம் புதுசாக் கல்யாணம் பண்ணிக்கிறாங்க, உங்களுக்கு அந்தக் குடுப்பினை உண்டா?" என்று சிரிப்பாய்.

பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு அரசாங்கம் தரும் ஒதுக்கீடு குறைகிறது என்பது முதலில் செய்தித்தாளில் ஒரு பத்தியாகத்தான் வந்தது. நம் வளாகத்துக்கு அது சின்னச் சின்ன விஷயங்களாக வந்து சேர்ந்தது. ஆய்விதழ்களின் இணையப் பக்கங்கள் ஒரு காலையில் திறக்கவில்லை. மாணவர்களைக் காட்டுக்கு அழைத்துப் போகும் பேருந்து நின்றது. நீ குன்று ஏறிக் காட்டிய பாடத்தைத் திரையில் படம் போட்டுக் காட்டினாய். இரண்டு வகுப்புகளை ஒன்றாக்கினார்கள். என் வகுப்பில் இடம் கிடைக்காத பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது: வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை கட்டடத்தின் ஏர்கோன் முழுதும் அணைக்கப்படும்.

மற்ற அறைகளுக்கு அது வெறும் புழுக்கம். உன் அறைக்கு அது ஈரம். மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை நீ என் வகுப்பு வாசலில் வந்து நின்றாய். வாங்க என்று தலையை மட்டும் அசைத்தாய். அலமாரியைத் திறந்து காட்டினாய். இலைகளின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை, மாவு தூவியதுபோல.

துறைத் தலைவரான பேராசிரியரிடம் இருவரும் போனோம். நல்ல மனிதர். உன் அறைக்கு மட்டும் விட்டால் மற்ற எல்லோரும் கேட்பார்கள், மேலிடத்தில் நம் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள் என்று மலாயில் நிதானமாக விளக்கினார். அவர் தன் அறையிலேயே ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வியர்வையோடுதான் உட்கார்ந்திருந்தார். "பூஞ்சைக்கு சனி ஞாயிறு லீவு கிடையாதே, புரோப்" என்றாய் நீயும் மலாயில். அவர் சிரிக்கத்தான் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டுக் குனிந்துகொண்டார்.

வெளியே வந்ததும் நான்தான் கொதித்தேன். நீ யோசனையில் இருந்தாய். "உங்க லேப்புல பழைய பல்பு, காத்தாடி ஏதாச்சும் கெடக்குமா?" என்று கேட்டாய்.

கிடந்தது. உதவாது என்று ஒதுக்கிய ஓர் இரும்புப் பெட்டியில் பல்புகளைப் பொருத்தி, கணினியிலிருந்து கழற்றிய விசிறியை வைத்து, இளஞ்சூடான காற்று ஓடும்படி செய்தேன். நோன்புப் பெருநாள் ராயா விடுமுறையில் வளாகமே காலியாக இருந்தபோது நாம் இருவரும் அங்கே இருந்தோம். நீ மெல்லிய தூரிகையை எரிசாராயத்தில் தொட்டு ஒவ்வோர் இலையாகத் துடைப்பாய், நான் தாள்களைப் பெட்டியில் அடுக்குவேன். கதவு திறந்தே கிடந்தது, வேர்த்து ஒழுகியது. "மொத நாளு குளிருக்குத்தான இங்க வந்தீங்க, இப்ப எப்படி இருக்கு?" என்று கேலி செய்தாய். கை ஓயாமல் பேசுவாய். உன் அப்பா ரப்பர்ப் பால் இறக்கப் பால் மரம் வெட்டப் போகும்போது கூடவே போய், குன்றின் அடிவாரத்தில் இலை பறித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வந்ததை. துணி துவைக்கும்போது அம்மா திட்டியதை.

ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்ற செய்தி கேண்டீனில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உன் கைபேசிக்கு வந்தது. மின்னஞ்சல். படித்தாய், கைபேசியைக் கவிழ்த்து வைத்தாய், தட்டில் இருந்ததை முழுசாகச் சாப்பிட்டாய்.

"என்னாச்சு?" என்றேன்.

"இந்த வருசம் மாப்பிள்ளை வேணாம்னுட்டான்." தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இன்னும் மூணு அலமாரி தொடைக்காம இருக்குலா. அத எப்படி விட்டுட்டுப் போறது?"

விட்டுவிட்டுப் போகவில்லை. ஈப்போவில் ஒரு டியூஷன் நிலையத்தில் வேலை தேடிக்கொண்டாய். வகுப்பில்லாத நாட்களில் சிலிபினிலிருந்து உன் பழைய காரை ஓட்டிக்கொண்டு வருவாய். துறைத் தலைவர் தன் பொறுப்பில் அனுமதி எழுதிக் கொடுத்தார். முதல் நாள் வாசலில் நானும் இருந்தேன். பாக் சிக் என்று நாம் கூப்பிடும் காவலருக்கு உன்னிடம் அடையாள அட்டை கேட்க மனம் வரவில்லை. குறுக்குக் கம்பியைத் தூக்கப் போனார். நீயே ஐ.சி.யை எடுத்து நீட்டினாய். "இப்ப நான் விருந்தாளி, பாக் சிக். கார்டு குடுங்க" என்று மலாயில் சொன்னாய். அவர் வருகையாளர் அட்டையை இரண்டு கைகளாலும் கொடுத்தார். காரை நிறுத்திவிட்டு இருவரும் நடந்தோம். அறைக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அழுதாய். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, பெட்டியப் போடுங்க" என்றாய்.

இதற்கிடையில் செடித் தாள்களை வைத்துக்கொள்ளச் சொல்லி நாட்டின் பல இடங்களுக்கும் எழுதிக்கொண்டிருந்தாய். கடைசியில், ஈரம் புகாத அறை வைத்திருந்த ஓர் ஆய்வகம் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னது. லாரி வந்த அன்று துறைத் தலைவரும் கையை மடித்துவிட்டுக்கொண்டு பெட்டி தூக்கினார். எல்லாம் பிழைக்கவில்லை. ஓர் அலமாரி முழுக்க, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. அவற்றை நீ தனியாகக் கட்டி, "இதுங்களும் வரட்டும், பேராவது இருக்கும்ல" என்று லாரியில் ஏற்றினாய்.

அப்புறம்தான் உனக்கு உடம்புக்கு முடியாமல் போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ மெலிந்து கிடந்த ஒரு மாலை, அந்த ஆய்வகத்திலிருந்து எனக்கு ஒரு தகவல் வந்தது. உன் கைபேசியை நீ பார்ப்பதையே விட்டிருந்தாய். நான் வாசித்துச் சொன்னேன். வேறொரு குன்றின் பின்சரிவில் யாரோ ஒரு செடியைக் கண்டிருக்கிறார்கள். என்னவென்று தெரியாமல் உன் தாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ரோமம் படர்ந்த அதே சின்ன இலை. உயிரோடு, பூவோடு இருக்கிறது.

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாய். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். "அப்ப நான் சொன்னது தப்பு. அதுக்கு இன்னொரு வீடு இருந்திருக்கு." ஒரு விஞ்ஞானி தான் சொன்னது பொய்த்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த வாரக் கடைசியில் நீ போய்விட்டாய். உன் இறுதி ஆராதனையின்போது தேவாலயத்தில் பாக் சிக் கடைசி வரிசைக்கும் பின்னால், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

உன் அறையில் இப்போது மேசை நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். படிக்கட்டில் உட்காரும் பிள்ளைகள் இன்னும் படிக்கட்டில்தான். இந்த வருடம் மறுபடியும் குறைப்பு. என்ன வித்தியாசம் என்றால், முடிவெடுக்கும் கூட்டத்தில் இப்போது நானும் உட்காருகிறேன். உன் விஷயம் பேசப்பட்ட நாளில் உன் பெயரையே யாரும் உச்சரிக்கவில்லை என்று துறைத் தலைவர் ஓய்வு பெறும் முன் என்னிடம் சொன்னார். தாவரவியல், ஒப்பந்தம், ஒன்று. அவ்வளவுதானாம்.

இந்த முறை "இயற்பியல், ஒப்பந்தம், இரண்டு" என்று வாசித்தார்கள். நான் கையைத் தூக்கினேன். பெயர்களைச் சொல்லி, அவர்கள் என்ன பாடம் எடுக்கிறார்கள் என்பதையும் சொல்லி வாசியுங்கள் என்றேன். சிலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஆனால் வாசித்தார்கள். பெயர் வந்த பிறகு பேச்சு மாறியது. வகுப்பு நேரத்தைப் பங்கிட்டு ஒருவரை வைத்துக்கொள்ள வழி கிடைத்தது. இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை.

மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம், நானே சொல்கிறேன் என்று எழுந்தேன். அந்தத் தம்பி ஆய்வுக்கூடத்தில் தனியாக இருந்தார். நான் அவர் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொன்னேன். சொல்லி முடித்ததும் எழுந்து போய்விடவில்லை. அவர் மேசையில் கிடந்த கருவிகளை ஒவ்வொன்றாக ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"என் புரோஜெக்ட் பிள்ளைங்கள யாரு பாத்துக்குவா, அக்கா?" என்று கேட்டார்.

"நான் பாத்துக்குறேன், தம்பி. ஒவ்வொருத்தர் பேரா சொல்லுங்க" என்றேன்.

சொல்ல ஆரம்பித்தார்.